வார இறுதியில் புயல் எச்சரிக்கை இருக்கும்போது சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு பைக்கில் போகலாமா?

சனிக்கிழமை காலை புறப்பட்டு ஞாயிறு மாலை திரும்புவதாகத் திட்டம் என்றும், வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் உருவாகியிருந்தாலும் ‘மழைதானே, ரெயின்கோட் போட்டுக்கொள்ளலாம்’ என்று நண்பர்கள் சொல்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பதினான்கு ஆண்டுகளாக வண்டி ஓட்டுகிறேன். திரும்பும் நாளின் வானிலையை வைத்து முடிவெடுங்கள் என்பதே என் பதில். போகும் நாள் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். அதில்தான் நானும் ஏமாந்தேன்.

2024 நவம்பர் இறுதியில், ஃபெஞ்சல் புயல் வந்த வாரத்தில், அறிவிப்புகள் மாறிக்கொண்டே இருந்தன. புயலாக மாறும் என்றார்கள். பிறகு புயலாக வலுப்பெறாது, தாழ்வு மண்டலமாகவே கரையைக் கடக்கும் என்றார்கள். ‘புயல் இல்லை’ என்று எங்களுக்கு வசதியாக அதைப் புரிந்துகொண்டு, நானும் நண்பர் ஒருவரும் 29ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை கிளம்பிவிட்டோம். மரக்காணம் வரை தூறலோடு சரி. அன்று பிற்பகலே அது புயலாக மாறியதாக அறிவித்தார்கள். உடனே திரும்பியிருக்க வேண்டும். அறைக்குக் கொடுத்த பணம் கண்ணை மறைத்தது. மறுநாள் சென்னை விமான நிலையம் மூடப்பட்டது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்துகள் நிறுத்தப்பட்டன. சனிக்கிழமை இரவு பதினொரு மணியையொட்டிப் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த புயல், உள்ளே நகர்ந்து போகாமல் பல மணி நேரம் அங்கேயே நின்றது. ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. விடுதிச் சந்தில் நிறுத்தியிருந்த என் வண்டியின் இருக்கை வரை தண்ணீர் ஏறிவிட்டது. ரயிலில் ஊர் திரும்பலாம் என்றால், விக்கிரவாண்டி அருகே ரயில் பாலத்தைத் தொடும் அளவுக்கு வெள்ளம் போனதால் திங்கட்கிழமை ரயில்களும் ஓடவில்லை. செவ்வாய்க்கிழமை மாலைதான் வீடு வந்து சேர்ந்தோம்.

எங்கள் தவறு அறிவிப்பைப் படித்த விதத்தில் இருந்தது. தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல் என்பவை காற்றின் வேகத்தை வைத்துச் செய்யப்படும் பிரிவுகள். மணிக்கு 62 கி.மீ.யை எட்டினால் புயல். எவ்வளவு மழை பெய்யும் என்பதை அந்தப் பெயர் சொல்லாது. 2015 டிசம்பர் 1ஆம் தேதி சென்னையை மூழ்கடித்த மழை எந்தப் புயலாலும் வந்ததன்று. மழைக்கு நிற எச்சரிக்கைகளைப் பாருங்கள்: பொதுவாக ஆரஞ்சு என்றால் ஒரு நாளில் 12 முதல் 20 செ.மீ. வரை, சிவப்பு என்றால் அதற்கும் மேல். சென்னைக்கு மட்டும் பார்த்தால் போதாது. சாலையின் பெரும்பகுதி செங்கல்பட்டு, விழுப்புரம் மாவட்டங்களில்தான் போகிறது. வானிலைத் துறையின் மழைக் கணக்கில் ஒரு நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை என்பதையும் நினைவில் வையுங்கள். ‘சனிக்கிழமைக்கு ஆரஞ்சு’ என்பதில் ஞாயிறு விடியற்காலையும் அடங்கும்.

மழையைவிட நான் அதிகம் அஞ்சுவது பக்கக் காற்றுக்கு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. கரையை நோக்கி வரும் புயலின் வடக்குப் பக்கத்தில் காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசும். தெற்கே போகும்போது கடல் உங்கள் இடப்பக்கம் இருப்பதால், அந்தக் காற்று உங்களைச் சாலையின் நடுவை நோக்கித் தள்ளும். திரும்பும்போது மணல் படிந்த ஓரத்துக்குத் தள்ளும். சீராக அடிக்கும் காற்றையாவது வண்டியைச் சற்றுச் சாய்த்துச் சமாளித்துவிடலாம். சவுக்குத் தோப்பின் மறைவில் நிம்மதியாக வந்துகொண்டிருக்கும்போது தோப்பு முடிந்த இடத்தில் திடீரென்று ஓங்கி அறையும் காற்றுதான் ஆளைக் கவிழ்க்கும். முட்டுக்காடு பாலம், பாலாற்றுப் பாலம், மரக்காணம் உப்பளம் ஆகிய மூன்றும் ஒதுங்க ஒரு சுவர்கூட இல்லாத வெட்டவெளிகள். கனமான வண்டி என்றால் பயமில்லை என்று சொல்பவர்கள், அதன் இருபுறமும் தொங்கும் பைகள் பாய்மரம்போல் காற்று வாங்குவதை மறந்துவிடுகிறார்கள்.

ரெயின்கோட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சட்டையும் காற்சட்டையுமாகத் தனித்தனியே உள்ளதை வாங்குங்கள். போர்வைபோல் தொங்குவது காற்றில் படபடப்பதோடு, செயினில் சிக்கவும் வாய்ப்புண்டு.

தேங்கிய நீரில் ஆழம் தெரியாமல் இறங்காதீர்கள். வண்டி தண்ணீருக்குள் நின்றுவிட்டால் செல்ஃப் ஸ்டார்ட்டை அழுத்தவே கூடாது. காற்று வடிகட்டி வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், அழுத்தத்துக்கு அடங்காத அந்தத் தண்ணீர், பிஸ்டனோடு இணைந்த தண்டான கனெக்டிங் ராடை வளைத்துவிடும். தள்ளிக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. என் வண்டிக்கு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, என்ஜின் ஆயிலை இருமுறை மாற்றினார்கள்; பால் கலந்த தேநீரின் நிறத்தில் அந்த ஆயில் வடிந்ததை இன்னும் மறக்கவில்லை. இடி மின்னலின்போது ரப்பர் டயர் காப்பாற்றும் என்பது வெறும் நம்பிக்கை. மரத்தடியில் நிற்காமல் கான்கிரீட் கட்டடம் ஒன்றுக்குள் போய்விடுங்கள்.

இனி உங்கள் பயணத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை இரவு அறிவிப்பில் சனி, ஞாயிறு இரண்டில் எந்த நாளுக்காவது வழியிலுள்ள மாவட்டங்களுக்கோ புதுச்சேரிக்கோ ஆரஞ்சு இருந்தால், அல்லது காற்று மணிக்கு 50 கி.மீ.யைத் தாண்டும் என்று சொல்லப்பட்டிருந்தால், நான் வண்டியை எடுக்க மாட்டேன். இரண்டு நாளுக்கும் ஆரஞ்சுக்குக் கீழான மஞ்சள்தான் என்றால் போவேன். ஆனால் ஞாயிறு மாலைவரை இருக்காமல் காலையிலேயே கிளம்பி, வழியில் தேநீருக்கு நிற்கும்போதெல்லாம் மூன்று மணி நேர முன்னறிவிப்பைப் பார்த்துக்கொண்டே வருவேன். முன்பணம் வீணாகுமே என்று கவலைப்படுகிறீர்கள். விடுதிக்குத் தொலைபேசியில் பேசி, தேதியை ஜனவரிக்கு மாற்றித் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். நாங்கள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் மாற்றித் தந்திருப்பேன் என்று, மாடியில் எங்களோடு இரண்டு நாள் மின்சாரமில்லாமல் உட்கார்ந்திருந்த விடுதிக்காரர் பிறகு சொன்னார்.