கொழும்பில் மழை கொட்டியும் நீர்த்தேக்கம் ஏன் நிறைவதில்லை?

வெள்ளவத்தையில் முழங்காலளவு வெள்ளம் நின்றாலும் அது கரண்ட் தராது. அந்த மழை கடலுக்குத்தான் போகும். மலையகத்தில், அணைக்கு மேலேயுள்ள நீரேந்துப் பகுதியில் பெய்தால்தான் நீர்த்தேக்கம் நிறையும்.

மலையகத்திலுள்ள மவுசாகலை நீர்த்தேக்கத்தைப் பாருங்கள். அங்கிருந்து இறங்கும் தண்ணீர் கெனியன், புதிய லக்சபான, பொல்பிட்டிய என மூன்று மின்நிலையங்களின் சுழலிகளைச் சுழற்றிவிட்டே களனி கங்கையில் சேர்கிறது. அதே களனியிலிருந்துதான் அம்பத்தலையில் கொழும்புக்குக் குடிநீர் எடுக்கிறார்கள். மேலே ஒரு சொட்டு வீணானால் எனக்கு மனம் பதறும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த அணைக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே நீரில் மூழ்கியது. கடும் வறட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய கோயிலின் கற்சுவர்கள் சேறு பூசியபடி வெளியே தெரியும். நம் மின்விளக்குக்காக ஓர் ஊர் தன் இடத்தைக் கொடுத்திருக்கிறது.