கரிசல் சாலையில் குரூசர்

கேள்வி: எனக்கு 47 வயது. கோவில்பட்டியில் இருக்கிறேன். பதினாறு கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியர். பல வருடங்களாக ஒரே 100 சிசி வண்டிதான். கல்லூரி நாளிலிருந்தே புல்லட் ஆசை உண்டு; இப்போது ராயல் என்ஃபீல்டின் மீட்டியோர் 350 மேல் கண் விழுந்திருக்கிறது. நண்பர் ஒருவர், “வாங்குவதென்றால் 650 சிசியாக வாங்கு” என்கிறார். மனைவியோ, “இந்த வயதில் இது எதற்கு?” என்கிறார். என் உயரம் ஐந்தடி நாலு அங்குலம். எப்போதாவது இடுப்பு வலி வரும். பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு இதை வாங்கலாமா?
– பெயர் வேண்டாம், கோவில்பட்டி

பதில்: வாங்கலாம் ஐயா. ஆனால் பழைய வண்டியைக் கொடுத்துவிடாதீர்கள். 650 பக்கம் திரும்பியும் பார்க்காதீர்கள்.

உங்களுக்கு இரண்டு சாலைகள் இருக்கின்றன. ஒன்று, தினமும் பள்ளிக்குப் போகும் கிராமத்துச் சாலை. இன்னொன்று, ஊரை ஒட்டி மதுரைக்கும் நெல்லைக்கும் ஓடுகிற நான்கு வழிச் சாலை. மீட்டியோர் ஒரு குரூசர். குரூசர் இரண்டாவது சாலைக்கான வண்டி. தாழ்ந்த சீட்டு, அகன்ற ஹேண்டில்பார், முன்னால் நீட்டி வைக்கும் கால்கள் என்று அதன் அமைப்பு முழுவதும், ஒரே வேகத்தில் நெடுநேரம் நேராகப் போவதற்கானது. கால் முன்னால் இருப்பதால் குழி வரும்போது ஃபுட்ரெஸ்டில் ஊன்றிப் பிருஷ்டத்தைத் தூக்கிக்கொள்ள முடியாது. 100 சிசி வண்டியில் இத்தனை வருடம் யோசிக்காமலேயே அதைச் செய்துவந்திருப்பீர்கள். குரூசரில் அந்த அடி நேராக இடுப்பெலும்பில் போய் இறங்கும். உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய அந்த இடுப்பு வலிதான் என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது. தசைப் பிடிப்பு என்றால் பரவாயில்லை. டிஸ்க் விலகல் என்று மருத்துவர் எப்போதாவது சொல்லியிருந்தால், பணம் கட்டும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எடையையும் பாருங்கள். மீட்டியோர் 350 பெட்ரோலோடு 191 கிலோ. ஓடும்போது தெரியாது, நிறுத்தும்போதுதான் தெரியும். பள்ளி வளாகத்தில் சரிவான இடத்தில் முன்சக்கரம் கீழே பார்க்க நிறுத்திவிட்டால், பின்னுக்கு இழுக்கப் பத்தாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேரைக் கூப்பிட வேண்டியிருக்கும். ஐப்பசி மழையில் கரிசல் மண் மட்கார்டுக்குள் அப்பிக்கொள்ளும்போது இந்த எடையோடு மல்லுக்கட்டுவது வேடிக்கையல்ல. ஆகவே பள்ளிக்குப் பழைய வண்டியே போகட்டும். அது லிட்டருக்குக் கொடுக்கும் தூரத்தில் இது ஏறக்குறைய பாதிதான் கொடுக்கும். முப்பது, முப்பத்தைந்து கிலோமீட்டர் கிடைத்தால் திருப்திப்பட்டுக்கொள்ள வேண்டும். பழைய வண்டியை விற்றால் உங்கள் கைக்கு வரும் தொகையை நினைத்துப் பாருங்கள். அதற்காக அதை இழப்பது வீண்.

சரி, பிறகு ஏன் வாங்கச் சொல்கிறேன்? ஆடி மாதத்தில் கயத்தாறு காற்றாலைகளைத் தாண்டி நெல்லைக்கு 100 சிசி வண்டியில் போயிருப்பீர்கள். பக்கக் காற்று வண்டியைத் தள்ளிக்கொண்டே வரும். பின்னால் வரும் லாரி கடக்கும்போது நெஞ்சு ஒருமுறை நின்று ஓடும். அங்கே இதே 191 கிலோ உங்களுக்குத் துணை. 349 சிசி எஞ்சினின் இழுவிசை 27 நியூட்டன் மீட்டர். அதுவும் நிமிடத்துக்கு 4,000 சுற்றிலேயே முழுதாகக் கிடைத்துவிடுகிறது. ஐந்தாவது கியரில் எண்பது, தொண்ணூறில் வைத்துவிட்டால் மதுரை வரை கியரைத் தொடவே தோன்றாது. திறன் 20 குதிரைசக்தி சொச்சம்தான், எனவே நூறைத் தாண்டி விரட்டினால் மூச்சு வாங்கும். நீங்கள் விரட்டுகிறவர் என்று கடிதத்தைப் பார்த்தால் தோன்றவில்லை.

உங்கள் உயரத்துக்கும் இது பொருந்துகிறது. சீட்டு உயரம் 765 மில்லிமீட்டர். இரண்டு பாதமும் தரையில் பதியும். அதே எஞ்சினோடு வரும் கிளாசிக் 350 இல் அது 805. அதில் உட்காரும் நிலை நிமிர்ந்தது என்பதால் இடுப்புக்கு அதுவே நல்லது என்று சிலர் சொல்வார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் கனமான வண்டியை நுனிக்காலில் தாங்கி நிற்பது உங்களுக்குச் சிரமம். மேலும் கிளாசிக்கின் கம்பிச் சக்கரத்துக்கு ட்யூப் உண்டு. மீட்டியோரில் பெரும்பாலும் அலாய் சக்கரமும் ட்யூப்லெஸ் டயரும். சாத்தூர் பக்கம் வெயிலில் பஞ்சரானால் இந்த வித்தியாசம் புரியும். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் பஜாஜின் அவெஞ்சர் 220 இருக்கிறது: 163 கிலோ, சீட்டு இன்னும் தாழ்வு. குறை சொல்ல முடியாத வண்டிதான். ஆனால் முப்பது வருடமாகப் புல்லட்டை நினைத்துக்கொண்டிருந்தவருக்கு அது ஆறுதல் பரிசாகத்தான் இருக்கும்.

அந்தப் புல்லட் நினைவைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் கல்லூரி நாளில் பார்த்தது திருவொற்றியூரில் செய்த வார்ப்பிரும்பு எஞ்சின் வண்டி. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். அந்தத் தடதடப்பும் கையில் ஏறும் அதிர்வும் 2020 இல் வந்த மீட்டியோரில் கிடையாது. அதிர்வை அடக்கவென்றே உள்ளே ஒரு பேலன்சர் தண்டு சுழல்கிறது. சத்தம் அடக்கமாக, மரியாதையாக இருக்கும். தெருக்கோடியில் வரும்போதே வீட்டுக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் ஆசையென்றால் ஏமாந்துபோவீர்கள். அதற்காகச் சைலன்சரை மாற்றினால் போலீஸ் அபராதம் தனி.

இனி உங்கள் நண்பரின் 650. சூப்பர் மீட்டியோர் அருமையான வண்டி, மறுக்கவில்லை. இரட்டை சிலிண்டர், 47 குதிரைசக்தி. ஆனால் எடை 241 கிலோ, விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 ஆக ஏறியது. 349 சிசி வண்டி அந்தக் கோட்டுக்கு ஒரு நூல் கீழே நிற்கிறது. மூன்றாம் நபர் இன்சூரன்ஸும் 350 ஐத் தாண்டியதும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். புது வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு மொத்தமாகக் கட்ட வேண்டும். வாரம் ஒருமுறை நெல்லை போய்வர இது தேவையா என்பதை நண்பரிடமே கேளுங்கள். வண்டி சாய்ந்தால் தூக்க அவர் வருவாரா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

மீட்டியோரின் ஷோரூம் விலை இரண்டு லட்சத்தை ஒட்டி இருக்கிறது. சாலை வரி, இன்சூரன்ஸ், கிராஷ் கார்டு என்று சேர்ந்து கையை விட்டுப் போவது அதைவிட நன்றாகவே கூடும். ஷோரூமில் சொல்லும் மாதத் தவணையைக் கேட்டு மயங்காமல் ஆன்ரோடு தொகையை எழுதி வாங்குங்கள். பாதிக்கு மேல் கடன் எடுத்துத்தான் வாங்க முடியும் என்றால் ஒரு வருடம் பொறுங்கள்.

கடைசியாக உங்கள் வீட்டம்மா. “இந்த வயதில் எதற்கு?” என்று அவர் கேட்டது பணத்தை நினைத்தா, விபத்தை நினைத்தா, அல்லது பின்சீட்டில் உட்காரப்போவது தான்தானே என்று நினைத்தா? கடிதத்தில் அதை நீங்கள் எழுதவில்லை. கேட்டிருக்கவும் மாட்டீர்கள் என்று சந்தேகப்படுகிறேன். கேளுங்கள். பிறகு அவரையும் அழைத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போங்கள். வாசலில் ஒரு வட்டம் அடித்துவிட்டு வருவதை டெஸ்ட் ரைடு என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். வேகத்தடை உள்ள ஒரு தெரு, நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம், குறுகலான இடத்தில் ஒரு யு-டர்ன், இவ்வளவும் அவர் பின்னால் இருக்கும்போதே ஓட்டிப் பாருங்கள். முதுகுச் சாய்மானம் இல்லாமல் அவருக்குப் பிடிமானம் போதுமா, சேலையோடு ஏறி இறங்க முடிகிறதா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். போகும்போது அவருக்கும் ஒரு ஹெல்மெட் எடுத்துச் செல்லுங்கள். ஷோரூமில் பெரும்பாலும் ஓட்டுகிறவருக்கு மட்டும்தான் தருவார்கள்.