1755 நிலநடுக்கத்துக்குப் பிறகு லிஸ்பன் நகரத்தை எப்படித் திரும்பக் கட்டினார்கள்?

1755 நவம்பர் 1, காலையில் நிலநடுக்கம், அப்புறம் சுனாமி, அதோடு நாள்கணக்கில் எரிந்த தீ என்று போர்ச்சுகல் நாட்டின் தலைநகரான லிஸ்பனின் நடுப்பகுதியே போய்விட்டது. மன்னர் முதலாம் ஜோசேவுக்குக் கல் கட்டடம் என்றாலே பயம் வந்து, கடைசிவரை மரக்கொட்டகை அரண்மனையில்தான் இருந்தார். வேலையை நடத்தியது அமைச்சர் பொம்பால்.

வயதான பொறியாளர் மனுவேல் த மாயா பல யோசனைகள் கொடுத்தார், நகரத்தையே வேறு இடத்துக்கு மாற்றுவதும் அதில் ஒன்று. கடைசியில் பழைய இடத்திலேயே, குறுகல் சந்துகளை அழித்துவிட்டு, அகலமான நேர்த்தெருக்கள் போட்டார்கள். அதுதான் இன்றைய பைஷா, லிஸ்பனின் நடுப்பகுதி.

ஆனால் எனக்குப் பிடித்தது சுவருக்குள் ஒளிந்திருக்கும் விஷயம். அதன் பெயர் ‘கயோலா’, போர்ச்சுகீசிய மொழியில் கூண்டு என்று அர்த்தம். பெருக்கல் குறி மாதிரி குறுக்குக் கட்டைகள் வைத்த மரச்சட்டம், இடைவெளியில் கல்லும் சுண்ணாம்பும், மேலே பூச்சு. குலுங்கினால் மரம் வளைந்து கொடுக்கும், கல் உதிர்ந்தாலும் வீடு நிற்கும். மாதிரி ஒன்றைக் கட்டி, சுற்றிலும் படைவீரர்களை நடக்கவிட்டு அதிரவைத்துச் சோதித்தார்கள் என்று சொல்வார்கள். தீ பக்கத்து வீட்டுக்குத் தாவாதபடி கூரைக்கு மேலே எழும்பும் தடுப்புச்சுவரும் வைத்தார்கள். கதவு, ஜன்னல் எல்லாம் ஒரே அளவு, அதனால் முகப்புகள் கொஞ்சம் சலிப்புத் தட்டும், அது உண்மைதான்.