வசதியுள்ள பெற்றோர் பிள்ளையைத் தனியார் பள்ளியில் சேர்ப்பது சமூக அநீதியா?

தனி ஒரு வீட்டின் முடிவாக இதை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் வசதியுள்ள வீடுகள் ஒவ்வொன்றாக அதே முடிவை எடுக்கும்போது, அரசுப் பள்ளியில் மிஞ்சி நிற்கும் பிள்ளைகளுக்கு அநியாயம் நடக்கத்தான் செய்கிறது. எங்கள் மகளை அரசுப் பள்ளியில் சேர்த்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பலரும் பணக் கணக்கைத்தான் பார்க்கிறார்கள். ‘வரியும் கட்டுகிறேன், கட்டணமும் கட்டுகிறேன், அங்கே ஓர் இடம் மிச்சமாகிறது, யாருக்கு நஷ்டம்?’ என்கிறார்கள். நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை, கணக்கு ஆசிரியர் பணியிடம் மாதக்கணக்கில் காலி என்றால், அதிகாரியிடம் போய் நின்று கேட்பது யார்? மனு எழுதத் தெரிந்தவர்கள், விடுப்பு எடுத்தால் சம்பளம் போகாதவர்கள், யாரைப் பார்த்தால் வேலை நடக்கும் என்று அறிந்தவர்கள். அவர்கள் வெளியேறினால் அந்தக் குரலும் கூடவே போய்விடுகிறது. பொருளாதார அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-லேயே இதைச் சொன்னார்: தரம் குறைந்தால் முதலில் விலகுவது தரத்தில் அதிக அக்கறை உள்ளவர்கள்தான், சண்டை போட்டுச் சரிசெய்திருக்கக் கூடியவர்களும் அவர்களே. கூலி வேலைக்குப் போகும் தாய்க்கு அக்கறை இல்லாமல் இல்லை. ஆனால் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்து நிற்கும் அவரை எத்தனை அலுவலகங்கள் உட்காரச் சொல்கின்றன?

சரி, தனியாரில் படிப்பாவது உயர்ந்ததா? பிசா என்ற சர்வதேசத் தேர்வில் தனியார் பள்ளி மாணவர்கள் சராசரியாக அதிக மதிப்பெண் வாங்குகிறார்கள். குடும்பப் பின்னணியையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலான நாடுகளில் அந்த முன்னிலை மறைந்துவிடுகிறது. அதாவது, பள்ளியின் சாதனை என்று நாம் நினைப்பதில் பெரும் பங்கு, அந்தப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே கொண்டு வந்தது.

சிலி நாடு 1981-ல் மாணவர் எண்ணிக்கைப்படி அரசுப் பணத்தைத் தனியார் பள்ளிகளுக்கும் கொடுக்கத் தொடங்கியது. போட்டி வந்தால் எல்லாப் பள்ளியும் முன்னேறும் என்பது கணக்கு. நடுத்தரக் குடும்பங்கள் அரசுப் பள்ளிகளை விட்டுப் போயின. ஏழைகள் ஒரு பக்கம், வசதியுள்ளவர்கள் ஒரு பக்கம் என்று பள்ளிகள் பிரிந்தன. மாணவர்கள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகு, 2015-ல் சட்டம் போட்டு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் கட்டணத்தையும் மாணவர்களைப் பொறுக்கி எடுப்பதையும் படிப்படியாக நிறுத்தத் தொடங்கினார்கள். பின்லாந்தில் அடிப்படைக் கல்விக்குத் தனியார் பள்ளியும் பொதுவாகக் கட்டணம் வாங்க முடியாது. அங்கே பெற்றோருக்கு இந்தக் கேள்வியே பெரிதாக எழுவதில்லை.

ஆனாலும் கொள்கைக்காகப் பிள்ளையைப் பலி கொடுங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். பக்கத்து அரசுப் பள்ளிக்கு ஒரு வேலை நாளில் நேரில் போய்ப் பாருங்கள். ஆசிரியர்கள் வகுப்பில் இருக்கிறார்களா, பிள்ளைகள் பயமில்லாமல் கேள்வி கேட்கிறார்களா என்று கவனியுங்கள். கட்டடத்தின் பளபளப்பை விட அது முக்கியம். நாங்கள் போன பள்ளியில் இரண்டும் இருந்தன, சேர்த்துவிட்டோம். அங்கே இருக்கும் குறைகளைத் தீர்க்கச் சொல்லிப் பெற்றோர் கூட்டத்தில் இன்றும் வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

பள்ளியில் பிள்ளையை அடிக்கிறார்கள், அல்லது பிள்ளைக்குத் தேவையான சிறப்புக் கவனம் அங்கே கிடைக்கவில்லை என்றால் தயங்காமல் மாற்றுங்கள். மாற்றிய பிறகும் அந்தப் பள்ளிக்காக மனுவில் கையெழுத்துப் போடலாம், ஓட்டுக் கேட்டு வருபவரிடம் காலிப் பணியிடங்களைப் பற்றிக் கேட்கலாம். உங்கள் பிள்ளை அங்கே படிக்காவிட்டாலும் அது உங்கள் வரியில் நடக்கும் பள்ளிதான்.