முகவரியை விலைக்கு வாங்காதீர்கள்

கேள்வி: எங்கள் மகள் டெக்சாஸில் பிறந்து வளர்ந்தவள். அக்டோபரில் பெர்லினில் முதுகலைப் படிப்பில் சேர்கிறாள். தங்குவதற்கு அறை இன்னும் கிடைக்கவில்லை. நகரப் பதிவுக்கு மட்டும் ஒரு முகவரி தருவதாகச் சொல்லி ஒருவர் 450 யூரோ கேட்கிறார். அனுப்பலாமா? விசா எடுக்காமலே போகலாம் என்பது உண்மையா?

பதில்: ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். ஜெர்மனியில் ஒரு வீட்டில் குடியேறிய 14 நாட்களுக்குள் அந்த முகவரியை நகர அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். பெர்லினில் இதற்குக் கட்டணம் கிடையாது. குடியேறாத வீட்டைப் பதிவுக்குக் கொடுப்பவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. பொய்யாகப் பதிவு செய்துகொள்பவரும் அபராதத்துக்கு உள்ளாவார். சட்டத்தை விடுங்கள், நடைமுறையைப் பாருங்கள். காப்பீட்டு அட்டை, வங்கியின் ரகசிய எண், அரசுக் கடிதங்கள் எல்லாம் அங்கே தபாலில்தான் வருகின்றன. அஞ்சல் பெட்டியில் உங்கள் மகளின் பெயர் ஒட்டப்படவில்லை என்றால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். முன்பின் தெரியாத ஒருவர் தம் பெட்டியில் அந்தப் பெயரை எத்தனை மாதம் வைத்திருப்பார்?

பதிவுக்குத் தேவையானது ஒரே ஒரு பக்கப் படிவம்: யார், எந்த முகவரியில், எந்தத் தேதியில் குடிவந்தார் என்று எழுதி வீடு கொடுத்தவர் கையெழுத்திட்டது. வாடகை ஒப்பந்தம் இதற்கு ஈடாகாது. ஆகவே இரண்டு மூன்று மாதத்துக்கான தற்காலிக அறையாக இருந்தாலும், இந்தப் படிவத்தைத் தருவீர்களா என்று முதலிலேயே கேட்கச் சொல்லுங்கள். மாணவர் விடுதிக்கு இன்றே விண்ணப்பியுங்கள். "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் வந்ததும் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்" என்பவர் எவராயினும் ஏமாற்றுக்காரரே. 14 நாள் என்று சட்டம் கறாராகச் சொல்லும். அதே நகரத்தின் அலுவலகத்திலோ அதற்குள் நேரம் கிடைக்காமல் போவதும் உண்டு. இந்த இடைவெளியில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள் என்பது தெரிந்தும் அதை மூட எவரும் அவசரப்படவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம். அலுவலகத்தில் நேரம் முன்பதிவு செய்ததற்கான சான்றை மகள் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

விசா பற்றிக் கேள்விப்பட்டது உண்மைதான். அமெரிக்கக் கடவுச்சீட்டு உள்ளவர் விசா இன்றி நுழைந்து, 90 நாட்களுக்குள் அங்கேயே தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் இந்தச் சலுகை கடவுச்சீட்டுக்கு உரியது, அமெரிக்காவில் வசிப்பதற்கு உரியதன்று. இதை அழுத்திச் சொல்லக் காரணம், நம் குடும்பங்களில் ஒரே வீட்டில் ஒருவர் குடியுரிமையும் இன்னொருவர் கிரீன் கார்டும் வைத்திருப்பதுதான். இந்தியக் கடவுச்சீட்டுடன் கிரீன் கார்டு வைத்திருக்கும் அண்ணனோ உறவினரோ இதே படிப்புக்குப் போவதானால், புறப்படும் முன்பே ஜெர்மன் தூதரகத்தில் படிப்பு விசா எடுத்தாக வேண்டும். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று எந்த முகவர் சொன்னாலும் நம்பாதீர்கள். உங்கள் மகளிடம் வெளிநாடுவாழ் இந்தியருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும் அவருடைய உரிமையில் மாற்றமில்லை.

அனுமதி கிடைக்கும்வரை பகுதிநேர வேலை எதுவும் வேண்டாம். செலவுக்கான சான்றாக, மாதம் 992 யூரோ வீதம் ஓராண்டுக்கு 11,904 யூரோ முடக்கக் கணக்கில் (மாதந்தோறும் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில்) காட்ட வேண்டியிருக்கும். தொகை அவ்வப்போது உயர்வதால் புறப்படும் முன் ஒருமுறை சரிபாருங்கள். விண்ணப்பம் 90 நாட்களுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டால், நேர்காணல் தேதி எவ்வளவு தள்ளிப்போனாலும் முடிவு வரும்வரை அவர் அங்கே தங்குவது சட்டப்படியானதே. விண்ணப்பித்ததற்கான ஒப்புகையை அச்சிட்டுக் கடவுச்சீட்டுடன் சேர்த்து வைத்திருக்கச் சொல்லுங்கள்.