வேலை கொடுங்கள், ‘போதும்’ என்றும் சொல்லுங்கள்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். மிட்லண்ட்ஸ் பக்கம் ஒரு பண்ணையிலிருந்து மீட்ட இரண்டு வயது பார்டர் கோலி நாயைத் தத்தெடுத்து ஐந்து வாரம் ஆகிறது. தினமும் ஒரு மணி நேரம் பந்து எறிகிறோம், அப்போதும் அடங்க மாட்டேன் என்கிறான். பிள்ளைகள் ஓடினால் குதிகாலைக் கவ்வுகிறான். ரோட்டில் கார் போனால் வேலியோரமாகவே கூட ஓடுகிறான். ஆயா பயப்படுகிறார். ஆடு வளர்ப்பவர் யாருக்காவது கொடுத்துவிடலாமா?

பதில்: முதலில் அந்தப் பந்தை எடுத்து அலமாரியில் வையுங்கள். பந்து எறிய எறிய அவன் களைப்பதில்லை, இன்னும் முறுக்கேறுகிறான். கால் பலப்படுகிறது, மனது படபடப்பிலேயே நிற்கிறது. ஒரு மாதம் கழித்து அதே நாய்க்கு இரண்டு மணி நேரம் தேவைப்படும்.

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து எல்லையில் ஆடு மேய்க்க வளர்த்த இனம் இது. மந்தையை ஓட்டுவது பாதி வேலைதான். மீதிப் பாதி, தலையைத் தாழ்த்திப் படுத்து, கண் இமைக்காமல் ஆட்டையே பார்த்துக்கொண்டு மேய்ப்பனின் சொல்லுக்குக் காத்திருப்பது. வேலை முடிந்ததும் மேய்ப்பன் ஆங்கிலத்தில் ‘தட்’ல் டூ’ (That’ll do), அதாவது ‘போதும்’ என்பான். நாய் மந்தையை விட்டுத் திரும்பி வந்துவிடும். உங்கள் வீட்டில் அவனுக்கு அந்தச் சொல்லைச் சொல்ல யாரும் இல்லை. ‘போதும்’ என்ற சொல்லையே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, தமிழ் வீடுகளில் நான் அடிக்கடி பார்ப்பது. ஆயா ‘வா’ என்கிறார், பையன் ‘கம்’ என்கிறான், அப்பா விசில் அடிக்கிறார். நாய் நடுவில் நின்று விழிக்கிறது. ஒரு செயலுக்கு ஒரே சொல், எல்லோருக்கும் அதே சொல். காகிதத்தில் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டிவிடுங்கள்.

அப்புறம் ஒரு பழைய பாய் அல்லது போர்வை. அதில் அவனாகப் படுத்தால் ஒரு துண்டு வேகவைத்த கோழி, சத்தமில்லாமல், பாயின் மேலேயே வையுங்கள். முதல் நாள் பத்து விநாடி படுத்தாலே போதும். பிறகு நீங்கள் ஒரு அடி நகருங்கள், கதவைத் திறந்து மூடுங்கள், கடைசியாகப் பிள்ளைகளை மெதுவாக நடக்கவிடுங்கள். இப்படி என்னிடம் வந்த ஒரு பெண் நாய், சுவரில் விழும் வெளிச்சத்தைத் துரத்தித் துரத்தி மூக்கைத் தேய்த்துப் புண்ணாக்கியிருந்தது. யாரோ லேசர் விளக்கு காட்டி விளையாடிய பழக்கம். ஏழாவது வாரம் அது பாயில் பக்கவாட்டில் சாய்ந்து, பின்கால் துடிக்கத் தூங்கியதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. லேசர் விளையாட்டு மட்டும் இந்த இனத்துக்கு வேண்டவே வேண்டாம்.

நடை அதிகாலையில், வெயில் ஏறும் முன். டர்பன் கோடையின் புழுக்கம் இவ்வளவு முடியுள்ள நாய்க்கு ஆபத்து. பத்து மீட்டர் கயிறு கட்டி, அவன் மோப்பம் பிடிக்கும் இடமெல்லாம் நிற்கவிடுங்கள். காலைச் சாப்பாட்டைக் கிண்ணத்தில் வைக்காமல் புல்லில் தூவித் தேடச் சொல்லுங்கள். இருபது நிமிடத் தேடல் அவனை நன்றாகவே களைக்க வைக்கும்.

குதிகால் விஷயம்: பெரும்பாலும் அது கோபமல்ல, மந்தையிலிருந்து பிரிகிற ஆட்டைத் திருப்பும் பழக்கம். ஆனாலும் பல் பல்தான். பெரியவர் இல்லாமல் பிள்ளைகளோடு விடாதீர்கள். அவன் தலை தாழ்த்திப் பதுங்க ஆரம்பித்த உடனே கூப்பிடுங்கள், கவ்வும் வரை காத்திருக்க வேண்டாம். பிள்ளைகள் மரம் மாதிரி நிற்கப் பழகட்டும். ஆயா உட்காரும் அறைக்கு ஒரு சிறு தடுப்புக் கதவு போட்டால் அவருக்கும் நிம்மதி. ரத்தம் வரக் கடித்தால், சாப்பாட்டுக்கு அருகே உறுமினால், அது வேறு கதை. உடனே அவனைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கார் துரத்துவதற்கு, கம்பி வேலியின் கீழ்ப்பாதியில் நிழல்வலை கட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். கண்ணில் படாததைத் துரத்துவது குறையும்.

பண்ணையிலிருந்து வந்தவன் என்பதால் உண்ணியையும் பாருங்கள். சோர்ந்து படுத்து, ஈறு வெளுத்து, சிறுநீர் சிவந்தால் பிலியரியாக, அதாவது உண்ணி கடித்து வரும் ரத்த நோயாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள், மறுநாள் என்று தள்ளாதீர்கள். உங்கள் க்வாசூலு-நட்டால் மாகாணத்தில் நாய்கள் வழியே வெறிநோய் பரவுவது உங்களுக்குத் தெரியும். தடுப்பூசி அட்டை கையில் இல்லையென்றால் புதிதாகப் போட்டுவிடுங்கள், சட்டப்படியும் கட்டாயம். தீபாவளிக்கு முன்பே மருத்துவரிடம் பேசி வையுங்கள். மேய்ப்பு நாய்களில் பலவற்றுக்கு வெடிச் சத்தம் தாங்காது, சுவர் ஏறிக் குதித்து ஓடிவிடும்.

சரி, கொடுப்பது பற்றி. மூன்று மாதமாவது பாருங்கள். ஐந்து வாரத்தில் புது வீடு பல நாய்களுக்கு முழுதாகப் பழகாது. ‘பண்ணையில் சந்தோஷமாக இருப்பான்’ என்பதை நான் நம்புவதில்லை. பண்ணையிலிருந்துதானே வந்தான்? ஆட்டைக் கண்டு பயப்படுகிறவனோ, கடிக்கிறவனோ, யாருக்குத் தெரியும்? அங்கே அவனைச் சங்கிலியில் கட்டிப்போட்டால் நிலைமை இன்னும் மோசம். மூன்று மாதமும் பார்த்து முடியவே இல்லையென்றால் அது உங்கள் குற்றமல்ல. இலவசம் என்று விளம்பரம் மட்டும் போடாதீர்கள். நாய்ச் சண்டை நடத்துகிறவர்களும் அந்த விளம்பரத்தைப் படிக்கிறார்கள். எடுத்த காப்பகத்திடமே திருப்பிக் கொடுங்கள். குதிகால் கவ்வியதை மறைக்க வேண்டாம். அவன் படுத்த பாயையும், குளிர்பெட்டியில் ஒட்டிய அந்தக் காகிதத்தையும் கூடவே அனுப்புங்கள். ‘வா’ என்றால் வருவான், ‘போதும்’ என்றால் நிற்பான் என்று அடுத்த வீட்டாருக்குத் தெரிய வேண்டும்.