கீமோவும் மரத்த நாக்கும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: இரண்டாவது கீமோவுக்கு (புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை) பிறகு, எதை வாயில் வைத்தாலும் இரும்பைக் கடித்த மாதிரி இருக்கிறது என்கிறார் அம்மா. நிஜமாகவே அப்படி இருக்குமா?

நிஜம்தான், அடம் இல்லை. சுவை மொட்டுகளில் உள்ள செல்கள் ஏறக்குறைய 10 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுபவை. வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும் மருந்து இவற்றையும் விட்டுவைப்பதில்லை. சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகளில் இந்த உலோக ருசி அடிக்கடி வரும். ஸ்டீல் கரண்டியை மாற்றி மரக்கரண்டி கொடுத்துப் பாருங்கள். இறைச்சி கசந்தால் முட்டை, பருப்பு, தயிர் என்று புரதத்துக்கு வேறு வழி இருக்கிறது. சாப்பிடும் முன் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா, அதில் பாதி உப்பு கலந்து கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். வாயில் புண் இல்லாவிட்டால் சாப்பாட்டில் சில துளி எலுமிச்சைச் சாறும் விடலாம்.

கேள்வி: சமையல் வாசனை வந்தாலே குமட்டுகிறது.

சூடான உணவிலிருந்துதான் வாசனை அதிகம் கிளம்பும். ஆறவைத்தோ குளிரவைத்தோ சாப்பிடுங்கள். குடிப்பதை மூடி போட்ட கோப்பையில் ஸ்ட்ரா வைத்துக் குடிக்கலாம். சமைக்கும்போது வேறு அறைக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: கீமோ அன்று அவருக்குப் பிடித்ததைச் சமைத்துக் கொண்டுபோகலாமா?

ஆசையாகத்தான் செய்வீர்கள், ஆனால் வேண்டாம். குமட்டலுக்குச் சற்று முன் சாப்பிட்டதன் மீது மூளை பழியைப் போட்டுவிடும். உளவியலாளர் இலீன் பெர்ன்ஸ்டீன் 1978-இல் வெளியிட்ட ஆய்வில், கீமோவுக்கு முன் புது ருசி ஐஸ்கிரீம் சாப்பிட்ட குழந்தைகளில் பலர் பிறகு அதை ஒதுக்கினார்கள். பின்னாளில் அவரும் சகாக்களும் வேறொன்றைச் செய்து பார்த்தார்கள்: சாப்பாட்டுக்கும் கீமோவுக்கும் நடுவே வித்தியாசமான ருசியில் ஒரு மிட்டாய். வெறுப்பு பெரும்பாலும் மிட்டாயோடு போயிற்று, சாப்பாடு தப்பித்தது. ஆக, பலிகடாவுக்கு ஒரு மிட்டாய் போதும். பிடித்த பதார்த்தம் உடம்பு தேறிய நாளுக்கு இருக்கட்டும்.

கேள்வி: துத்தநாக மாத்திரை போட்டால் ருசி திரும்புமா?

கீமோ நோயாளிகளிடம் நடந்த ஒப்பீட்டு ஆய்வுகளில் தெளிவான பலன் தெரியவில்லை. அளவு கூடினால் துத்தநாகமே குமட்டும். டாக்டர் சொல்லாமல் போட வேண்டாம்.

கேள்வி: ருசி எப்போது சரியாகும்?

பெரும்பாலானவர்களுக்குச் சிகிச்சை முடிந்து சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள். தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சும் எடுத்தவர்களுக்கு இன்னும் தாமதமாகலாம். அதுவரை உப்புச் சப்பில்லை என்று உப்பை அள்ளிப் போடாதீர்கள், குறிப்பாக ரத்த அழுத்தம் இருந்தால். அப்புறம், நாக்கில் வெள்ளைப் படலம் தெரிந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். மருந்து உண்டு, அடுத்த கீமோ தேதி வரை காத்திருக்காமல் உடனே காட்டுங்கள்.